உப்பிட்ட கைகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நீதியரசர் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்க இருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, இந்தப் பயணிகள் வட்டத்தைக் கட்டிக்காத்து வரும் செயலாளர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய அன்புத் தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் அவர் சட்டைப் பையில் ஒரு சிறிய எவர்சில்வர் கரண்டி இருக்கும். "தட்டு அவங்க தரட்டும், கரண்டி நம்மகிட்ட இருக்கட்டும்" என்பார். சாப்பாட்டுக்கு எப்போதும் தயாராக இருக்கிற மனிதர் அவர். இந்தத் தலைப்பில் நடக்கும் கூட்டத்துக்கு அவரைவிடப் பொருத்தமான தலைமை கிடைக்காது. நீதியரசர் ஐயா, கால் வலியையும் பொருட்படுத்தாமல் இரண்டு மாடி ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உங்கள் கைதட்டலைத் தாருங்கள். முதல்வர் அம்மா தம் மாணவிகளையும் அழைத்து வந்திருக்கிறார். பின்வரிசையில் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் பேசலாம் போலிருக்கிறது. பயப்படாதீர்கள், பேச மாட்டேன்.

'அயல்நாடுகளில் உண்டவை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான்காகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பசி, வழி, மொழி, கை. நான்கையும் கட்டி நிற்கிற கயிறு ஒன்று உண்டு. நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிற பழமொழிதான் அது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை.' உணவை நினை என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. உப்பிட்டவரை நினை என்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதலில் பசி. இஸ்தான்புல்லில் ஒரு குளிர்காலக் காலை. ஐரோப்பியக் கரையில் இருக்கும் கராக்கோய் படகுத்துறையிலிருந்து ஆசியக் கரையில் இருக்கும் காடிகோய்க்குப் போகிற படகு. முந்தைய இரவு எதுவும் சாப்பிடவில்லை. துறையில் ஒருவர் சிமிட் விற்றுக்கொண்டிருந்தார். சிமிட் என்பது எள் பதித்த வளைய ரொட்டி. திராட்சைப் பாகு கரைத்த நீரில் மாவு வளையத்தை முக்கி, எள்ளில் புரட்டிச் சுடுவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. படகில் தேநீர்க்காரர் தட்டேந்தி வந்தார். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் கிளாஸ், சிவந்த தேநீர், பக்கத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டி. படகு நகர்ந்தது, கடற்காகங்கள் கூடவே பறந்து வந்தன. ஐரோப்பாவில் கடித்த ரொட்டியை ஆசியாவில் விழுங்கி முடித்தேன். இறங்கும்போது என் மேல்சட்டையின் மடிப்பெல்லாம் எள். அதை உதற எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் என்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த எள்ளைச் சொல்வேன்.

அடுத்து வழி. இந்த மேசையில் நான் கொண்டுவந்து வைத்திருக்கும் மண்பானையைப் பின்வரிசைப் பிள்ளைகள் அப்போதிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ரயில் நிலையங்களில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கு 'எகிபென்' என்று பெயர். ஒவ்வோர் ஊர் நிலையத்துக்கும் ஒவ்வொரு பெட்டி. குன்மா மாநிலத்தில் யொக்கொகாவா என்று ஒரு சின்ன நிலையம். அதைத் தாண்டினால் உசுய் கணவாய், செங்குத்தான ஏற்றம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்று, தள்ளிவிடக் கூடுதல் எஞ்சின் பூட்டிக்கொண்டுதான் மலையேறும். அந்த நேரத்தில்தான் வியாபாரம். பயணிகளுக்கு என்ன வேண்டும் என்று கடைக்காரர்கள் நேரிலேயே போய்க் கேட்டார்களாம். "சூடாக வேண்டும்" என்று பதில் வந்ததாம். 1958-இல் மஷிக்கோ ஊர்க் குயவர்கள் செய்த மண்பானையில் சாதத்தை வைத்துத் தந்தார்கள். அந்தப் பானைதான் இது. மூடியைத் திறந்தால் சாதத்தின் மேல் கோழித்துண்டு, மூங்கில் குருத்து, காளான், ஒரு காடை முட்டை, கஷ்கொட்டை, ஓரத்தில் ஒரு ஆப்ரிகாட் பழம். 1997-இல் அந்த மலைப்பாதையில் ரயில் நின்றுபோனது. சாப்பாடு நிற்கவில்லை. தின்று முடித்த பானையை நான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். ஏன் இங்கே கொண்டுவந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதாக மொழி என்றேன். அதையும் கையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடைத்தவை.

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி. மத்தியச் சந்தைக்கு அருகே மதியம் பன்னிரண்டு மணி. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்து ஒருவர் டோல் பூரி விற்கிறார். சுற்றிலும் கூட்டம். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், போலீஸ்காரர், எல்லாரும் வரிசையில். டோல் பூரி என்றால் மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து, பூப்போல அரைத்து, மாவுக்குள் பொதிந்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட ரொட்டி. அதன்மேல் வெண்ணெய் அவரைக் குழம்பு, ருகாய் என்கிற தக்காளிச் சாறு, பச்சை மிளகாய்த் துவையல். ஒரே சுருட்டாகச் சுருட்டி, தாளில் மடித்துக் கையில் தந்துவிடுவார். அந்தக் கையின் வேகத்தைப் பாருங்கள், மூன்று கரண்டி, ஒரு சுருட்டு, ஒரு மடிப்பு. நான் எண்ணிப் பார்த்தேன், நான்கு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

என் முறை வந்தது. அவர் அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஒரு விரலைக் காட்டினேன். அவர் இரண்டு ரொட்டியை எடுத்தார். நான் தலையை ஆட்டி மறுபடியும் ஒரு விரலைக் காட்டினேன். அவர் மறுபடியும் இரண்டை எடுத்தார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. பதற்றத்தில் என் வாயிலிருந்து தமிழே வந்துவிட்டது. "ஒண்ணு போதுங்க!"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி என் தோளைத் தொட்டார். எழுபத்தைந்து வயது இருக்கும். நரைத்த தலை, கையில் காய்கறிப் பை. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல, "ரெண்டு" என்றார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." பத்து வரைக்கும் எண்ணினார். கூட்டம் மொத்தமும் நின்று கேட்கிறது. கடைக்காரர் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறார். பத்து வந்ததும் அந்தப் பாட்டிக்கு முகம் நிறையச் சிரிப்பு.

விஷயம் இதுதான். அங்கே டோல் பூரியை ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒற்றையாகக் கேட்பவர் எவரும் இல்லை. பாட்டி கையால் சைகை காட்டியும், அரைகுறை ஆங்கிலத்திலும் அதை எனக்கு விளக்கினார். பணத்தையும் அவரே கொடுத்துவிட்டார். நான் தடுத்தேன், என் கையில் ஓர் அடி அடித்தார். நிழலுக்கு அழைத்துப் போனார், நின்றபடியே சாப்பிட்டோம். குழம்பு மணிக்கட்டு வழியே வழிந்து முழங்கை வரைக்கும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குள் போய் ஓர் அலூடா வாங்கித் தந்தார். குளிர்ந்த பாலில் திருநீற்றுப் பச்சிலை விதையும் கடற்பாசியும் போட்ட பானம் அது. அந்த மிளகாய்க்கு மேல் அந்தக் குளிர்ச்சி இறங்கியதை இப்போது சொல்லும்போதும் தொண்டையில் உணர்கிறேன்.

அவருடைய பாட்டியின் முன்னோர் கப்பலில் வந்தவர்கள். 1834-இல் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக இலட்சக்கணக்கானோர் அந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏறி வந்த கல்படிகள் இன்றும் அப்பிரவாசி காட் என்ற பெயரில் இருக்கின்றன, 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அந்தத் தலைமுறைகளில் மொழி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிட்டது. இந்தப் பாட்டிக்கு மிஞ்சியது பத்து எண்களும் ஒரே ஒரு வாக்கியமும். பேருந்து நிறுத்தத்தில் நான் கைகூப்பி விடைபெற்றபோது அந்த வாக்கியத்தைச் சொன்னார். "சாப்பிட்டியா?"

சாப்பிட்டு முடித்துதான் கிளம்புகிறோம், இப்போது எதற்கு இந்தக் கேள்வி என்று ஒரு கணம் விழித்தேன். பிறகு புரிந்தது. அவர் பாட்டி யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருக்கிறார். ஆகவே இவருக்கு அதுவே 'வா', அதுவே 'போய் வா', அதுவே 'நல்லா இரு'. பேருந்து நகர்ந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே, "சாப்பிட்டியா? சாப்பிட்டியா?" என்று கையசைத்துக்கொண்டே நின்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை. அந்தப் பாட்டியின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடமாக அது என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

மலேசியாவின் பினாங்கில் நாசி கண்டார் சாப்பிட்டவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் தோளில் காவும் தண்டு. தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை. துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் அப்படிச் சுமந்து போய் விற்ற சோறு அது. இன்று தண்டு இல்லை, பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன, பெயரில் மட்டும் அந்தத் தோள் நிற்கிறது. அங்கே "பஞ்சிர்" என்று கேட்டால் எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மிதக்க மிதக்க ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருகிற பன்னி சௌ, கரீபியன் தீவான டிரினிடாடில் பொரித்த ரொட்டிக்குள் கொண்டைக்கடலை வைத்த டபிள்ஸ், இவற்றையும் விரிவாகச் சொல்ல ஆசைதான். நேரம் போகிறது. மூன்று இடத்திலும் ஒரே கதை என்பதை மட்டும் சொல்கிறேன். கடல் கடந்து போன கூலிகளும் சிறு வியாபாரிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் தெருவிலும் சிறு கடையிலும் நின்று கண்டுபிடித்த சாப்பாடு அது. இன்று அந்த நாடுகளே அதைத் தம் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன.

இங்கேதான் நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். இந்த உணவெல்லாம் யார் போட்டது? தெருவில் நின்றவர்கள் போட்டது. அவர்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

ஒரு பெருநகரம், பெயர் வேண்டாம். ஒரு தெருமுனையில் ஓர் அம்மா குழிச்சட்டியில் தேங்காய்ப்பால் அப்பம் சுட்டு விற்றார். வெந்துவிட்டதா என்று விரல் நுனியால்தான் தொட்டுப் பார்ப்பார். அந்த நுனிகள் காய்த்துப் போய் பளபளவென்று இருக்கும். ஆறு ஆண்டு கழித்து அதே முனைக்குப் போனேன். பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள், வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். நகரை அழகுபடுத்தினார்களாம். அந்த அம்மாவை எங்கே அனுப்பினார்கள் என்று பக்கத்துக் கடையில் எவருக்கும் தெரியவில்லை. வெறும் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே நினைவில்லை.

வேறு வழியே இல்லையா? சிங்கப்பூரைப் பாருங்கள். 1968, 69-இல் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து உரிமம் கொடுத்தார்கள். 1971 முதல் 1986 வரை கூரை, குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வசதியோடு உணவங்காடி நிலையங்கள் கட்டி, அவர்களை அங்கே இடம் மாற்றினார்கள். எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பிழைத்த தெருவை விட்டுப் போவது யாருக்கும் வலிதான். ஆனால் அவர்கள் தொலைந்துபோகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுழல, ஒரே மேசையில் முதலாளியும் கட்டடத் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை நான் கண்ணால் பார்த்தேன். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விரட்டியிருந்தால் எதைச் சேர்த்திருப்பார்கள்?

நான் கேட்பது மூன்றே மூன்று. தெருவில் உணவு விற்பவருக்குத் தன் பெயரில் ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். தலைக்கு மேல் ஒரு நிழல். எந்த நாடானாலும் எந்த ஊரானாலும் இதே மூன்றுதான். பத்து நாட்டுச் சாப்பாட்டைப் படம் பிடித்துக் காட்டுகிற நாம், உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதாக இருந்தால், அவர்களுக்காக ஊர் மன்றத்துக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டாமா? முதல்வர் அம்மா தலையசைக்கிறார், மிக்க நன்றி அம்மா. நீதியரசர் ஐயா, அந்தக் கடிதத்தின் வாசகத்தைத் தாங்கள் ஒருமுறை பார்த்துத் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். உங்கள் இருக்கையில் ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறோம். அதன் ஒரு பக்கத்தில், வெளிநாட்டில் உங்களுக்குச் சோறு போட்ட ஒருவரைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் என்ன கொடுத்தார், கை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மறுபக்கத்தில், உங்கள் தெருவில் இன்று உணவு விற்கிற ஒருவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து எழுதுங்கள். தெரியாதவர்கள் நாளைக்குக் கேட்டுவிட்டு வாருங்கள், அவசரமில்லை. அட்டைகளைப் போடத்தான் இந்த யொக்கொகாவா பானை. வாசலுக்கு வலப்பக்க மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் அட்டை என்னுடையது, ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. 'போர்ட் லூயி, சந்தை வாசல், பத்து வரை எண்ணிய பாட்டி.' மூடியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன், பானை திறந்தே இருக்கும்.

வணக்கம்.