32ஆவது வாரத்தில் வலி: தங்கச்சி, கேசரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

வணக்கம் மக்களே! பிரண்டைத் துவையல் வீடியோ எங்கே என்று கேட்டுக் கேட்டு உங்களுக்கே அலுத்திருக்கும். இன்றைக்கும் அது இல்லை. வளைகாப்பு வீடியோவில், பாட்டு முடிவதற்குள் எழுந்து போய் முறுக்குத் தட்டைக் காலி பண்ணினாளே என் தங்கச்சி, அவளுக்கு 32ஆவது வாரத்திலேயே வலி எடுத்துவிட்டது. பதறாதீர்கள், குழந்தை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள், அதனால்தான் குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன்.

என் கடுப்பெல்லாம் இந்த 'சூட்டு வலி' மேல்தான். அடிவயிறு இழுக்குது, இடுப்பு கடுக்குது என்று அவள் வாயைத் திறந்ததுமே வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சூட்டு வலிதானாம். சீரகத் தண்ணீர் குடி, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, காலையில் சரியாகிவிடும். சீரகத் தண்ணீர் எனக்கும் பிடிக்கும், உங்களுக்குத் தெரியும். ஆனால் 37 வாரம் முடியாத வயிறு விட்டுவிட்டு இறுகினால், அது சூட்டு வலியா நிஜ வலியா என்பதை அடுப்படியில் நின்று முடிவு பண்ண முடியாது. வயிற்றில் கையை வைத்து, போனில் நேரம் பார்த்தேன். 20 நிமிடத்துக்குள் நான்கு தடவை கல்லாட்டம் இறுகித் தளர்ந்தது. அவ்வளவுதான், அம்மா சீரகம் வறுத்துக்கொண்டிருக்கும்போதே காரில் ஏற்றிவிட்டேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 22 மில்லிமீட்டர். 25க்குக் கீழே போனால் கவனமாக இருக்க வேண்டுமாம். சிறுநீரிலும் தொற்று இருந்தது, அதுவே வலியைக் கிளப்பியிருக்கலாம் என்றார் டாக்டர். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நான்கு. கூடவே நிஃபெடிபின் மாத்திரை. அது பிபி மாத்திரை என்பதைப் போனில் பார்த்துவிட்டு, "எனக்கு பிபியே இல்லையே அக்கா, வேறு யாருடைய மாத்திரையையோ கொடுத்துவிட்டார்கள்" என்று ஒரே அழுகை. நர்சம்மா உட்கார்ந்து விளக்கினார். அந்த மாத்திரை கர்ப்பப்பைத் தசையையும் தளர்த்துமாம். பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட அல்ல, ஊசி வேலை செய்ய ஒரு 48 மணி நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

அந்த ஊசியின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர், பிரசவ வலி எதனால் ஆரம்பிக்கிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார். ஸ்டீராய்டு போனதில் நாள் ஆகாமல் பிறந்த ஒரு குட்டி, பிழைக்கவே வழியில்லாதது, மூச்சு விட்டுக்கொண்டு கிடந்ததாம். அப்புறம் அவரும் ஹோவி என்ற குழந்தை டாக்டரும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் எழுதினார்கள். நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு இன்றைக்கும் அதே வழிதான். நள்ளிரவில் இதைத் தங்கச்சியிடம் சொன்னால், "ஆட்டுக்குட்டிக்கு என்ன பேர் வைத்தார்கள்?" என்கிறாள்.

இப்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி அறையில் இருந்ததே ஒரு பிளக், அதுவும் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில். வயிறு இறுகுகிற நேரமெல்லாம் என் போனில்தான் குறித்து வைத்திருக்கிறேன், போனோ 4 சதவீதத்தில் நிற்கிறது. வாசல் கடைக்காரர் 480 ரூபாய் என்றார். பேரம் பேசி 400க்கு வாங்கினேன். மூன்று மீட்டர் ஒயர், நாலு பிளக், சிவப்பு லைட் எரியும். ஒரு மணி நேரத்தில் பக்கத்து அறை மாமியார்கள் எல்லாம் சார்ஜரோடு என்னிடம் வந்து நின்றார்கள். அந்த வராந்தாவுக்கே நான்தான் மின்வாரியம். மாப்பிள்ளை வந்து, "கடைவீதியில் இது 250தானே அண்ணி" என்றார். கேட்டேனா?

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை உண்டு, வளைகாப்பு வீடியோவில் சொல்லியிருந்தேன். இந்த ஊசி போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை எகிறும். அதனால் விரலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் அத்தை ஒரு டப்பா கேசரியோடு வருகிறார். டப்பா ஓரமெல்லாம் நெய் வழிகிறது, மேலே முழு முந்திரி. "வாய்க்கு ருசியாக ஒரு வாய்தானே" என்று ஸ்பூனையும் எடுத்துவிட்டார். டப்பாவை வாங்கி நானே தின்றேன். நெய் கொஞ்சம் அதிகம், ஆனால் நல்ல கேசரி.

'ஒன்றும் ஆகாது' என்ற வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. பார்க்க வந்து அப்படிச் சொன்னவர்கள் போனதும் அவள் இன்னும் அழுதாள். பச்சிளங்குழந்தை டாக்டர் வந்து, இந்த வாரத்தில் பிறந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன, மூச்சுக்கும் பாலுக்கும் கொஞ்ச நாள் உதவி வேண்டியிருக்கும் என்று உள்ளதைச் சொன்னார். அதற்கப்புறம்தான் தூங்கினாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அடுத்த ஊசி எத்தனை மணிக்கு, எதற்கு, அவ்வளவுதான் சொல்வேன். அவள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன், சொந்தக்காரர்களுக்கு எல்லாம் நான்தான் பதில்.

போன ஷார்ட்ஸுக்குக் கீழே பாதிப் பேர் "அசையாமல் படுக்கச் சொல்லுங்கள்" என்று போட்டிருந்தீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துபோகும் அபாயம் இருக்கிறது, குறைப்பிரசவம் அதனால் தள்ளிப்போகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். வீட்டுக்குள் நடக்கிறாள், பாரம் தூக்குவதில்லை. தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிறு மறுபடி விட்டுவிட்டு இறுகினாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ உடனே கிளம்ப வேண்டும். கார் சாவி வாசல் ஆணியில் தொங்குகிறது, நான் இல்லாவிட்டால் 108. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், சீரகத் தண்ணீரைக் காரிலேயே குடித்துக்கொள்ளலாம்.