சம்மர் ஸ்கூலுக்குப் போகிறீர்களா? முதலில் சிலபஸைத் திறந்து பாருங்கள்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன், ஆரம்பித்துவிடலாம்.

வெளிநாட்டில் சம்மர் ஸ்கூல், அதாவது கோடை விடுமுறையில் நடக்கும் குறுகிய காலப் படிப்பு, போக நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்றுதான். இன்றைக்கு அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீங்கள் அங்கே இருக்கப்போவது மூன்று வாரம், மிஞ்சிப்போனால் பத்து வாரம். அத்தனை நாளும் உங்களைப் பிடித்து உட்காரவைக்கப்போவது நீங்கள் எடுக்கிற ஒன்றிரண்டு கோர்ஸ்தான். பல்கலையின் பெயர் போட்டோவுக்கு உதவும். ஆகவே கோர்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சம்மர் ஸ்கூல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று, பல்கலைக்கழகமே நடத்துவது. ஹார்வர்டு 1871லிருந்து நடத்துகிறது, ஓஸ்லோ பல்கலை 1947லிருந்து நடத்துகிறது. இங்கெல்லாம் பாடம், தேர்வு, கிரெடிட் (பாடத்தை முடித்தால் பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் அலகு) எல்லாமே முறைப்படி இருக்கும். இன்னொன்று, ஒரு தனியார் நிறுவனம் கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் வளாகத்தையும் விடுதியையும் வாடகைக்கு எடுத்து நடத்துவது. விளம்பரத்தில் பழைய கட்டடங்களின் படம் பெரிதாக இருக்கும், சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஊர் பார்க்க, நாலு பேரோடு பழக அதில் போவது தவறே இல்லை. ஆனால் கிரெடிட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு வரி மெயில் போடுங்கள்: "மதிப்பெண் பட்டியலை யார் வழங்குவார்கள்?" பதில் பூசி மெழுகினால், அதுவே பதில்.

சரி, பல்கலை நடத்துவதுதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம்? நேராக உங்கள் சொந்தத் துறைக்குப் போங்கள். அங்கே எடுத்த கிரெடிட்டை இங்கே ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் பல்கலைதான். சம்மர் ஸ்கூல் நடத்துகிறவர்கள் "பொதுவாக இத்தனை கிரெடிட்டுக்குச் சமம்" என்று போட்டிருப்பார்கள். அது வெறும் பரிந்துரை. உதாரணமாக லண்டனின் எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) சம்மர் ஸ்கூலில் கோர்ஸ்களுக்கு 100, 200, 300 என்று நிலை போட்டிருக்கிறார்கள். 100 என்றால் அறிமுகம், 300 என்றால் மேல்நிலை. நீங்கள் மூன்றாம் ஆண்டுப் பாடத்துக்கு ஈடாக 100ஐக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தத் துறையும் ஒப்புக்கொள்ளாது. கோர்ஸ் பெயர் ஒன்றாக இருப்பது போதாது. வகுப்பு நேரம், தலைப்புகள், பாடநூல், தேர்வு முறை இவற்றைத்தான் ஒப்பிடுவார்கள். ஆகவே முழு சிலபஸையும் அனுப்பி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "சார் சரின்னு சொன்னார்" என்பது ஆறு மாதம் கழித்து எந்த மேசையிலும் செல்லாது.

இதில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். கிரெடிட் மட்டும்தான் வருமா, கிரேடும் வருமா? பல இடங்களில் கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்கள், கிரேடைச் சராசரியில் சேர்க்கமாட்டார்கள். அங்கே கஷ்டமான கோர்ஸைத் துணிந்து எடுக்கலாம். கிரேடும் சேரும் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெறும் பாஸ், ஃபெயில் என்று வந்தால் ஏற்கமாட்டோம் என்று சொல்லும் பல்கலைகளும் உண்டு.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். நேரக் கணக்கு. திரையில் போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்.

அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட் கோர்ஸுக்கு வாரம் 9 மணி, 15 வாரத்துக்கு 135 மணி. இதே 135ஐ ஆறு வாரத்தில் அடைத்தால் வாரம் இருபத்திரண்டரை மணி நேரம். ஒரு கோர்ஸுக்கு! இரண்டு எடுத்தால் 45. முழுநேர வேலையைவிட அதிகம். ஐரோப்பியக் கணக்கு வேறு மாதிரி. அங்கே ஈ.சி.டி.எஸ். என்ற பொதுவான கிரெடிட் முறை இருக்கிறது. அதில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் கோர்ஸ் நான்கு வாரத்தில் என்றால் வாரம் முப்பத்தேழரை மணிக்குக் குறையாது. அதையே மூன்று வாரத்தில் நடத்தினால் 50ஐத் தொடும்.

ஆகவே "காலையில் வகுப்பு, மாலையில் ஊர் சுற்றல், வார இறுதியில் பக்கத்து நாடு" என்று திட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு டிக்கெட் பாருங்கள். ஒரே பல்கலையில்கூடத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலையில் மூன்று, ஆறு, எட்டு, பத்து வாரம் என்று தனித்தனிப் பருவங்கள் இருக்கின்றன. பத்து வாரத்தில் மூச்சு விட்டுப் படிக்கக்கூடிய பாடத்தை ஆறில் எடுத்துத் திணற வேண்டியதில்லை.

"அப்படியானால் ஒரே ஒரு கோர்ஸ் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்" என்பீர்கள். இங்கேதான் விசா குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் கிரெடிட்டுக்காகப் படிக்க சுற்றுலா விசா செல்லாது, எஃப்-1 என்ற மாணவர் விசா வேண்டும். எஃப்-1 வேண்டுமென்றால் முழுநேரமாகப் படிக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கு எத்தனை கிரெடிட் முழுநேரம் என்பதைப் பல்கலையின் சர்வதேச மாணவர் அலுவலகம் சொல்லும். அதற்குக் கீழே இறங்க முடியாது. ஒரு கோர்ஸே போதும் என்று உங்கள் மனது சொல்லும், விதி இரண்டு எடுக்கச் சொல்லும். ஆன்லைன் கோர்ஸை வைத்து ஒப்பேற்றலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு. முழுநேரக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது மூன்று கிரெடிட் வரைதான் சேரும். ஆகவே இரண்டு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என் யோசனை இது: இரண்டும் ஒரே மாதிரி கனமாக இருக்கக்கூடாது. ஒன்று கணக்குப் போடுகிற பாடம் என்றால் மற்றது வாசித்துப் பேசுகிற பாடமாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடைத்தேர்வு ஒரே வாரத்தில் வருகிறதா என்றும் பாருங்கள்.

பிரிட்டனில் இந்தத் தலைவலி குறைவு. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் விசிட்டராகவே ஆறு மாதம் வரை படிக்கலாம். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், 180 நாளில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். நெதர்லாந்தில் ஒரு கோர்ஸ், முடித்துவிட்டு நார்வேயில் இன்னொன்று என்றால் இரண்டும் ஒரே 90க்குள் வரும்.

ஜூன், ஜூலையில் உங்களுக்கு இங்கே தேர்வு இருக்கிறதா? தெற்கே பாருங்கள். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை. அங்கே சம்மர் ஸ்கூல் அப்போதுதான்.

எந்தப் பாடம் இந்த அவசரத்தைத் தாங்கும்? மொழி நன்றாகத் தாங்கும். சொல்லப்போனால் மொழிக்கு இந்த அடர்த்திதான் பிடிக்கும். அமெரிக்காவின் மிடில்பரியில் 1915லிருந்து கோடைகால மொழிப் பள்ளி நடக்கிறது. கற்கிற மொழியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புள்ளியியல், அறிமுகப் பொருளாதாரம், நிரலாக்கம் இவையும் பரவாயில்லை. நேற்றுப் படித்தது இன்றைக்கு உடனே பயன்படும், மறக்க நேரமில்லை. களப்பணி உள்ள தொல்லியல், சூழலியல் கோர்ஸ்களை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். வழக்கமான செமஸ்டரில் இரண்டு வாரம் தொடர்ந்து களத்தில் நிற்க யார் விடுவார்கள்? நான் தயங்குவது உண்மையாகவே ஊறவேண்டிய பாடங்களுக்கு. தூய கணிதத்தில் நிரூபணம் எழுதும் கோர்ஸ், தத்துவத்தில் தடித்த மூலநூல்கள். ஒரு கணக்கை மூன்று நாள் மண்டையில் வைத்துச் சுற்ற வேண்டியிருக்கும். இங்கே மூன்று நாளில் இரண்டு அத்தியாயம் போய்விடும்.

இப்போது ஒரு சிலபஸை மாதிரிக்குத் திறக்கிறேன். பல்கலையின் பெயரை மறைத்திருக்கிறேன். மூன்று வாரக் கோர்ஸ். முதல் பக்கத்தில் விளக்கம், அழகாக இருக்கிறது, தள்ளுங்கள். இதோ, "முன்தேவை: நுண்கணிதம் ஒரு பருவம்". இது உங்களிடம் இல்லை என்றால் இங்கேயே மூடிவிடலாம். அடுத்து அட்டவணை. இரண்டாவது வாரம் புதன்கிழமை இடைத்தேர்வு, 40 சதவீதம். அதாவது எட்டாவது வகுப்பு நாளிலேயே பாதிக்குக் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. கடைசி வெள்ளி இறுதித்தேர்வு, 60 சதவீதம். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. முதல் மூன்று நாள் நேர வித்தியாசத்தில் தூங்கி வழிகிறவர்களுக்கு இது ஆபத்தான அமைப்பு. இங்கே கீழே சின்ன எழுத்தில்: "இரண்டு வகுப்புகளுக்கு மேல் தவறினால் தேர்வெழுத அனுமதி இல்லை". விமானம் தாமதமானால் ஒன்று போயிற்று.

ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் "பின்னர் அறிவிக்கப்படும்" என்று இருக்கிறது, பாருங்கள். கோடையில் இது சகஜம். போதிய பேர் சேராவிட்டால் கோர்ஸையே ரத்து செய்வதும் சகஜம். ஆகவே இரண்டாவது விருப்பம் ஒன்றையும் துறையில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி எது, கோர்ஸை மாற்ற எத்தனை நாள் தருகிறார்கள் என்றும் பாருங்கள். செமஸ்டரில் மாற்றுவதற்கு வாரக்கணக்கில் தருவார்கள். இங்கே முதல் சில நாட்களோடு கதவு சாத்திவிடும். அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்ட பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக, அங்கிருந்து கிளம்பும் முன் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பல இடங்களில் அது தானாக வராது, தனியாகக் கேட்க வேண்டும். அதுவும் உங்கள் கையில் தராமல் உங்கள் பல்கலைக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். பிரித்த உறையை ஏற்காத அலுவலகங்கள் உண்டு.

விசா நேர்காணலில் கோர்ஸ் பற்றி என்ன கேட்பார்கள் என்பதற்குத் தனி வீடியோ போடுகிறேன். வருகிறேன்.