மேற்குக் கரை: கெடு முடிந்தும் மாறாத வரைபடம்

நேயர்களுக்கு வணக்கம். இஸ்ரேல் - பாலஸ்தீனப் பேச்சுவார்த்தை எங்கே சிக்கியது என்று கேட்டால், நான் முதலில் 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையின் நில வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1993 செப்டம்பர் 13-ல் கையெழுத்திட்ட முதல் ஓஸ்லோ உடன்பாடு எல்லை, ஜெருசலேம், அகதிகள், கைப்பற்றிய நிலத்தில் இஸ்ரேலியர் அமைத்த குடியேற்றங்கள் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவைத்தது. ஐந்தாண்டு இடைக்காலத்தில் நம்பிக்கை வளரும் என்பது கணக்கு. 1995-ல் வந்த இரண்டாம் உடன்பாடு நிலத்தை மூன்றாகப் பிரித்தது. 'ஏ' பகுதியில் நிர்வாகம், காவல் இரண்டும் பாலஸ்தீனர்களின் தன்னாட்சி அமைப்பான பாலஸ்தீன அதிகார சபையிடம். 'பி' பகுதியில் நிர்வாகம் அவர்களிடம், பாதுகாப்பு இஸ்ரேலிடம். 'சி' பகுதியில் இரண்டுமே இஸ்ரேலிடம். தொடக்கத்தில் 'ஏ' சுமார் 3 சதவீதம்தான். இஸ்ரேலியப் படை விலக விலக 'சி' சுருங்க வேண்டும்.

கோளாறு இங்கேதான் தொடங்கியது. மூன்று கட்டமாக விலக வேண்டும் என்று எழுதினார்கள். கட்டத்துக்கு எவ்வளவு நிலம் என்று எழுதவில்லை. அளவைத் தானே தீர்மானிப்பதாக இஸ்ரேல் சொன்னது. பெரும்பகுதி நிலம் கைக்கு வரும் என்று பாலஸ்தீனர்கள் நம்பினார்கள். இடையே 1995 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபின் ஒரு யூதத் தீவிரவாதியால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஹமாஸின் பேருந்துக் குண்டுவெடிப்புகள் இஸ்ரேலியரின் நம்பிக்கையைக் குலைத்தன. 1998-ல் அமெரிக்காவின் வை நதியில் நடந்த பேச்சில் 13 சதவீத நிலத்துக்கே பெரும் பேரம் நடந்தது. 2000 மார்ச்சில் 'ஏ' 18, 'பி' 22, 'சி' 60 சதவீதம் என்று நின்றது. அடிப்படையில் இன்றும் அதே பிரிவினைதான்.

சதவீதம் மட்டும் நிலைமையைச் சொல்லாது. 'ஏ', 'பி' பகுதிகள் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றைச் சூழ்ந்திருக்கும் 'சி' தொடர்ச்சியான நிலம். வீடு 'பி'யில், ஒலிவத் தோப்பு 'சி'யில் என்றிருக்கும் விவசாயி அங்கே ஒரு கொட்டகை போடவும் இஸ்ரேலிய ராணுவத்தின் சிவில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலும் கிடைக்காது, அனுமதியின்றிக் கட்டினால் இடிக்கப்படும். கிணறு என்றால் அதற்கு முன்பே கூட்டு நீர்க்குழுவின் ஒப்புதல் தேவை. அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு.

இரண்டாம் உடன்பாட்டின் 31-ம் பிரிவு, இறுதி முடிவு வரும்வரை நிலத்தின் நிலையை மாற்றக்கூடாது என்கிறது. ஆனால் குடியேற்றக் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லி வெளிப்படையாக ஒரு வரி இல்லை. மீறினால் தீர்ப்புச் சொல்ல நடுவரும் இல்லை. கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, 1993-ல் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த குடியேறிகள் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல். இதை மிகப்பெரிய பிழையாகவே கருதுகிறேன்.

அதனால்தான் குடியேற்ற நிலத்தை இஸ்ரேல் வைத்துக்கொண்டு பதிலுக்குத் தன் நிலத்தைத் தரும் நிலமாற்றுப் பேச்சு இவ்வளவு கடினமாயிற்று. 2000 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிளின்டன் மேற்குக் கரையில் 94 முதல் 96 சதவீதமும், மாற்றாக 1 முதல் 3 சதவீதமும் பாலஸ்தீனத்துக்கு என்றார். 2008-ல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மர்ட் சுமார் 6.3 சதவீதத்தை வைத்துக்கொண்டு 5.8 சதவீதம் தர முன்வந்தார்; வரைபடத்தின் பிரதியைப் பாலஸ்தீனத் தலைவர் அப்பாஸிடம் கொடுக்கவில்லை. எண்கள் நெருங்கினாலும் அரியேல் குடியேற்றம் 1967 போருக்கு முந்தைய எல்லைக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதை இணைத்தால் மேற்குக் கரையின் வட பகுதிக்குள் ஒரு விரல் போல எல்லை நீளும். பாலஸ்தீன ஊர்களுக்கு இடையிலான சாலைகள் துண்டாகும். எனவே புதிதாக வரைபவர்கள் பரப்பளவை மட்டும் ஒப்பிட்டால் போதாது. நிலத்தடி நீர், மண்ணின் தரம், சாலைத் தொடர்பு மூன்றையும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக எழுதி, கைமாறும் தேதியையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.