படம் பிரமாதம், கதை எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாடப் புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்து வளர்ந்த சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் அற்புதமான ஓவியம் பலவீனமான கதையை மறைத்துவிடுமா, மறைக்காதா? இதுதான் இன்றைய தலைப்பு. மறைத்துவிடும் என்று எதிரணியில் மூன்று பேர் பேசி முடித்துவிட்டார்கள். மறைக்காது என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நான் போய் உட்கார்ந்துவிடலாம். ஆனால் நடுவர் அதற்கு மதிப்பெண் தரமாட்டார். அந்த வரியை அவரே முன்னுரையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிவிட்டார்.

எதிரணித் தலைவர் கையில் கணக்கோடு வந்தார். 1991-இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்-மென்' என்ற சூப்பர் ஹீரோ கூட்டத்தின் புதிய வரிசை முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, கின்னஸ் சாதனை, எல்லாம் ஓவியர் ஜிம் லீயின் தூரிகை செய்த வேலை, கதையை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். ஐயா, கணக்கு சரிதான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? அந்த இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்தது. நான்கு அட்டைகளை வரிசையாக வைத்தால் ஒரே பெரிய படம். ஐந்தாவது அட்டையில் அந்த முழுப் படமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆக, ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார். பின்னால் விலை ஏறும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டியவர்களும் உண்டு. புத்தகத்தைப் பிரித்தே பார்க்காமல் அடுக்கி வைத்தவருக்குக் கதையும் தெரியாது, ஓவியமும் தெரியாது. அவரை இந்த வழக்கில் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்றையும் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த இதழை எழுதியவர் யார்? கிறிஸ் கிளேர்மான்ட். 1975-இலிருந்து அந்தக் கூட்டத்தின் கதையை எழுதி வந்தவர். அவர் கைக்கு வருவதற்கு முன் எக்ஸ்-மென் இதழ் பல வருடங்களாகப் பழைய கதைகளையே மறுபதிப்புப் போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, ஃபீனிக்ஸ் என்ற நாயகியின் சாவுக்கு வாசகர்களை அழவைத்து, உலகத்தையே மிரட்டிய மேக்னீட்டோவுக்கு நாஜி வதைமுகாமில் உயிர் பிழைத்தவன் என்ற கடந்த காலத்தைக் கொடுத்து, வில்லனைப் பார்த்தே வாசகன் மனம் கனக்கும்படி செய்தார். பதினாறு வருட உழைப்பு. அந்த மேக்னீட்டோதான் 80 லட்சம் விற்ற இதழிலும் வருகிறான். ஜிம் லீ வரைந்தது பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால் கூட்டம் கூடியது யாரைப் பார்க்க?

சரி, அடுத்த வருடம் என்ன நடந்தது? அன்றைய மிகப் பெரிய நட்சத்திர ஓவியர்கள் ஏழு பேர் சேர்ந்து 1992-இல் 'இமேஜ்' என்று சொந்தப் பதிப்பகம் ஆரம்பித்தார்கள். தங்கள் உழைப்புக்கு உரிமை கேட்டு மார்வெலை விட்டு வெளியேறினார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம், அந்த உரிமைக்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. இப்போது எதிரணி கொள்கைப்படி அந்தப் பதிப்பகத்துக்குக் கதாசிரியரே தேவைப்பட்டிருக்கக் கூடாது. டாட் மெக்ஃபார்லேனின் 'ஸ்பான்' முதல் இதழ் 17 லட்சம் பிரதிகள் விற்றது. அந்தக் கறுப்பு உடை, பக்கம் முழுக்கப் படபடக்கும் சிவப்பு அங்கி, சங்கிலிகள். கண்ணை எடுக்க முடியாது. அப்படிப்பட்ட மனிதர் 1993-இல் என்ன செய்தார் தெரியுமா? எட்டாவது இதழுக்கு ஆலன் மூர், ஒன்பதுக்கு நீல் கெய்மன், பத்துக்கு டேவ் சிம், பதினொன்றுக்கு ஃப்ராங்க் மில்லர் என்று நான்கு பேரை வரிசையாக எழுத அழைத்தார். ஓவியத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தவரே எழுத்தாளர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த வரிசையில் கெய்மன் எழுதியது அந்த ஒரு இதழ்தான். அதில் அறிமுகமான கதாபாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்று பின்னால் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஓவியம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்றால் ஒரு இதழ்க் கதைக்காக இவ்வளவு சண்டை எதற்கு?

அந்தக் காலத்துப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க மாத இதழ் என்பது இருபது, இருபத்திரண்டு பக்கம். அதற்குள் நாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு முழுப்பக்கம், வில்லன் பதிலுக்குப் பல்லைக் கடிக்க இன்னொரு முழுப்பக்கம், ஏழு பேர் கும்பலாகப் பாய்ந்து வருவதற்கு இரண்டு பக்கம் என்று போனால் கதைக்கு மீதி என்ன இருக்கும்? பாயும் ஏழு பேரும் எங்கிருந்து பாய்கிறார்கள், எங்கே போய் இறங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பின்னணியே இருக்காது. சில பக்கங்களில் முழங்காலுக்குக் கீழே ஒரே புகை. ஓவியம் கதையை மறைத்ததோ இல்லையோ, புகை பாதங்களை நன்றாக மறைத்தது.

பிறகு சந்தை சரிந்தது. கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. எல்லாப் பழியையும் மோசமான கதைகள் மேல் போட மாட்டேன். வாங்கிக் குவித்த கடன், விநியோகத்தில் வந்த குழப்பம், சேகரிப்போர் மோகம் என்று காரணங்கள் பல. ஆனால் விலை ஏறும் என்று வாங்கியவன் போன பிறகு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வாங்குகிறவன் மட்டும்தான் மிச்சம் இருப்பான். அவனைப் பிடித்து வைக்க அந்த இதழ்கள் பலவற்றிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி நன்றாகப் பேசினார், ஒப்புக்கொள்கிறேன். மார்வெலின் பொற்காலத்தில் படம்தான் முதலில் வந்தது, கதாசிரியர் ஸ்டான் லீ சுருக்கமாக ஒரு கதைத்திட்டம் சொல்வார், ஓவியர்கள் ஜாக் கர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் முழு இதழையும் வரைந்து வருவார்கள், வசனம் அப்புறம்தான் ஏறும், ஆகவே ஓவியம்தான் எல்லாம் என்றார். அம்மா, நீங்கள் எங்கள் அணியில் உட்கார வேண்டியவர்!

1966-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழுக்குக் கர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில், திட்டத்தில் இல்லாத ஒரு ஆள் வெள்ளி உடம்போடு பலகை மேல் நின்று விண்வெளியில் பறந்துகொண்டிருந்தான். யார் இவன் என்று லீ கேட்டார். கிரகங்களைத் தின்னும் கெலாக்டஸ் அளவுக்குப் பெரியவனுக்கு முன்னே போய் வழிகாட்ட ஒரு தூதன் வேண்டாமா என்பது கர்பியின் பதில். சில்வர் சர்ஃபர் பிறந்தது அப்படித்தான். இது படம் போடுகிறவன் யோசனையா, கதை சொல்கிறவன் யோசனையா? பென்சில் பிடித்த கை கதை எழுதியிருக்கிறது. கதையில் ஓட்டை இருந்த இடத்தில் கர்பி அழகான திரை ஒன்றைத் தொங்கவிடவில்லை, ஓட்டையையே அடைத்தார்.

டிட்கோவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச நடுவர் அனுமதிக்க வேண்டும். 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 33-ஆவது இதழ். வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நீருக்கடித் தளத்தில் ஒரு ராட்சத இயந்திரத்தின் அடியில் ஸ்பைடர்-மேன் சிக்கிக் கிடக்கிறான். மேலே கூரை விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுகுகிறது. கைக்கு எட்டாத தூரத்தில், தரையில், அவனை வளர்த்த மே அத்தைக்கான மருந்து. முதலில் சின்னச் சின்னக் கட்டங்கள், அவனை நசுக்குகிற மாதிரி. தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. மறுபடி முயல்கிறான். பக்கம் திருப்பத் திருப்பக் கட்டங்கள் பெரிதாகின்றன. கடைசியில் இயந்திரத்தைத் தூக்கி எறியும்போது முழுப்பக்கம். இன்றைக்குப் பார்த்தாலும் தோள்பட்டை வலிக்கும்.

எதிரணி இதை ஓவியத்தின் வெற்றி என்கிறது. நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அந்த மருந்துப் புட்டியை மட்டும் அழித்துவிட்டுப் பாருங்கள். என்ன மிச்சம்? ஒருவர் எடை தூக்குகிறார். நல்ல உடற்பயிற்சிப் படம். அத்தை படுத்த படுக்கையாகக் கிடப்பதற்குக் காரணமே பீட்டர், அதாவது ஸ்பைடர்-மேன், முன்பு அவளுக்குக் கொடுத்த கதிரியக்க ரத்தம்தான். பென் மாமாவைக் காப்பாற்றாமல் விட்டோமே, இன்று அத்தையையும் விட்டுவிடுவோமா என்கிற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் அந்த இரும்புக்கு எடை. அந்தச் சமயத்தில் கதைத்திட்டமும் டிட்கோவுடையதே என்று இதழின் பெயர்ப் பட்டியலே சொல்கிறது. கட்டம் எப்போது பெரிதாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன நடக்கப் போகிறது என்று அவரே முடிவு செய்திருந்ததால்தான்.

முழுப்பக்கப் படமே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1992-இல் சூப்பர்மேன் சாகிற கதையில், முந்தைய ஒரு இதழ் பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது இரண்டு, சாகும் 75-ஆவது இதழில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. படிக்கிறவன் எண்ணிப் பார்க்க மாட்டான், ஆனால் நெஞ்சு படபடக்கும். அங்கே முழுப்பக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவதாகப் பேசிய தம்பி துடிப்பான ஆள். பேட்மேன் 'ஹஷ்' கதையை எடுத்துக்கொண்டார். 2002-03-இல் ஜெஃப் லோப் எழுதி ஜிம் லீ வரைந்த பன்னிரண்டு இதழ்கள். வில்லன் யாரென்று பாதியிலேயே எவரும் சொல்லிவிடலாம், அவ்வளவு பலவீனமான மர்மம், ஆனாலும் இன்றுவரை மறுபதிப்பு வருகிறது, எல்லாம் ஓவியத்தின் புண்ணியம் என்றார். தம்பி, மர்மம் பலவீனம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? எனக்கும் தெரிந்தது. அரங்கத்தில் படித்தவர்கள் கை தூக்குங்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எப்படி மறைந்ததாகும்? நாம் அதை மன்னித்திருக்கிறோம். பேட்மேனின் ஊரான கோத்தம் நகர மழையில், கேட்வுமனும் பேட்மேனும் ஒருவரையொருவர் நம்பலாமா என்று தயங்கும் அந்தக் காதல் கதை சரியாக அமைந்ததால் மன்னித்திருக்கிறோம். நான் இன்றும் அதை எடுத்துப் படிக்கிற ஆள்தான். வில்லன் முகத்துணியை அவிழ்க்கிற இடம் வந்தால் மட்டும் பக்கத்தை வேகமாகப் புரட்டுவேன்.

தம்பிக்குப் பிடித்த அதே ஜிம் லீயை வைத்தே இன்னொரு சோதனை செய்து பார்க்கலாம். 2005-இல் 'ஆல் ஸ்டார் பேட்மேன் அண்ட் ராபின்' வந்தது. எழுதியவர் ஃப்ராங்க் மில்லர். 1986-இல் முதுமையில் திரும்பி வரும் பேட்மேனை எழுதி இந்தத் துறையையே புரட்டிப் போட்டவர். ஓவியர் தன் திறமையின் உச்சத்தில். நான்காவது இதழில் பேட்மேனின் குகையை ஆறு பக்க மடிப்பாக வரைந்திருக்கிறார். கார்கள், விமானங்கள், ராட்சத டைனோசர், ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி. தரையில் விரித்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கதையில் நடப்பது என்ன? பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்த ஒரு சிறுவனை பேட்மேன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு திட்டியபடியே ஓட்டுகிறார். ஓட்டுகிறார். இதழ் மாறுகிறது, இன்னும் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த வசனங்களை வாசகர்கள் இன்றுவரை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிறார்கள். பத்து இதழோடு 2008-இல் நின்றது.

அதில் நான் கண்டது இதுதான். ஓவியம் சுமாராக இருந்திருந்தால் அந்த வசனம் அவ்வளவு உறுத்தியிருக்காது. சிறுவனின் கண்ணில் தேங்கிய நீர் வரை அவ்வளவு உண்மையாக வரைந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வசன பலூனில் அந்தத் திட்டை எழுதினால், நமக்குச் சிறுவன் மேல் இரக்கமும் எழுத்தின் மேல் கோபமும் ஒன்றாக வருகிறது. விளக்கைப் பிரகாசமாகப் போடப் போட அழுக்கு நன்றாகத் தெரிகிறது.

அதே சமயத்தில், பேட்மேனை வெளியிடும் அதே டி.சி. நிறுவனத்தில், அதே 'ஆல் ஸ்டார்' பெயரில் சூப்பர்மேன் தொடர் ஒன்றும் வந்தது. கிராண்ட் மாரிசன் எழுத்து, ஃப்ராங்க் குவைட்லி ஓவியம். அதில் பத்தாவது இதழில் ஒரே ஒரு பக்கம். உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு இளம்பெண், குதிக்க நிற்கிறாள். பின்னால் சூப்பர்மேன் வந்து நிற்கிறார். சண்டை இல்லை, பறத்தல் இல்லை. நீ நினைப்பதைவிட நீ பலசாலி என்று சொல்கிறார், அவள் திரும்பி அவரைக் கட்டிக்கொள்கிறாள். முடிந்தது. இந்தத் தொடர் முழுக்க சூப்பர்மேன் செத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு மிச்சம் இருக்கிற நேரம் கொஞ்சம். அதில் ஒரு பங்கை முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்து பார்க்கும்போது, குவைட்லி வரைந்த அந்தக் கை அவள் தோளில் படுவதே போதும். ஆறு பக்க மடிப்பு தேவைப்படவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணியிலிருந்து அடுத்து ஒருவர் நிறைவுரைக்கு வரப் போகிறார். அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்பைடர்-மேன் எதற்காக அந்த இயந்திரத்தைத் தூக்கினான் என்று நான் ஒரு வாக்கியத்தில் சொன்னேன், அரங்கமே தலையாட்டியது. அதே மாதிரி, பேட்மேன் அந்தக் காரை எதற்காக அத்தனை இதழ்கள் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நீங்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.