பூவா, பெல்லட்டா? பூவின் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கத்தையே பெல்லட் பக்கம் சாய்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணனே, தங்கையே, எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு, அதற்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் கொடியின் முழுப்பூ நல்லதா, அரைத்து அழுத்திய பெல்லட் நல்லதா என்று இன்றைக்குத் தலைப்பு. போனில் சொன்னதும் ஊரிலிருந்து என் மாமியார் கேட்டார், "இதுக்கெல்லாமா பட்டிமன்றம் வைப்பாங்க? போலீஸ் வராதா?" ஊரில் வரும், அத்தை. இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம்கூட வேண்டாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். விற்கிற அளவுக்கு மிச்சமாவதும் இல்லை.

முதலில் ஒரு பெயர்ப் பஞ்சாயத்து. கடைகளில் 'லீஃப் ஹாப்ஸ்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது இலையே இல்லை! ஹாப்ஸ் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண்கொடியில் வருகிற கூம்புப் பூதான் நாம் வாங்குவது. இதோ, ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். டிஷ்யூ காகிதத்தை மடித்து மடித்துச் செருகினமாதிரி இருக்கிறதா? ஒரு இதழை அடியோடு பிய்த்தால் உள்ளே மஞ்சள்பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். லுப்புலின் என்று பெயர். கசப்பு, மணம் எல்லாம் அந்தப் பொடியில்தான்.

எதிரணியின் கதாநாயகன் யார்? இதே பூவைக் காயவைத்து, ஆலையில் போட்டு இடித்து, தூளாக்கி, ஓட்டை வழியே நெருக்கித் தள்ளி எடுத்த குச்சித்துண்டு. டி-90 என்று பெயர். 100 கிலோ பூவில் 90 கிலோ தேறும் என்பதால் வந்த பெயராம். பார்த்தால் எங்கள் வீட்டுக் கோழித்தீவனம். கோழிகூட ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் கொத்தும்.

அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். பெல்லட்டில் கசப்பு பத்து சதவீதம் அதிகமாக இறங்குமாம். உண்மை. ஹாப்ஸில் கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் பச்சையாகக் கரையாது. கொதிக்கக் கொதிக்க உருமாறித்தான் வோர்ட்டில், அதாவது பீராகப் புளிப்பதற்கு முந்தைய மால்ட் சாற்றில், கரையும். தூளாக இருந்தால் அது கொஞ்சம் சுளுவாக நடக்கும். ஒத்துக்கொள்கிறேன். சரி, 23 லிட்டர் காய்ச்சும்போது அண்ணன் 40 கிராம் பெல்லட் போடும் இடத்தில் நான் 44 கிராம் பூ போட வேண்டும். நாலு கிராம்! இந்த நாலு கிராமுக்காகவா அண்ணே இவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்தீர்கள்?

அடுத்து, பூ வோர்ட்டைக் குடித்துவிடுகிறது என்றார். குடிக்கிறது. 100 கிராம் பூ அரை லிட்டருக்கு மேலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஐபிஏ என்கிற கசப்பு பீருக்காக அள்ளி அள்ளிப் போட்டுக் காய்ச்சுபவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் கொப்பரையின் அடியில் பெல்லட் விடுகிற பச்சைச் சேறு இருக்கிறதே, அதோடு சேர்த்து நீங்கள் சிங்க்கில் கொட்டுகிற வோர்ட்டை எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்?

சேறு என்றதும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நினைவுக்கு வருகிறது. நானும் ஒருகாலத்தில் எதிரணியில் இருந்தவன்தான் நடுவர் அவர்களே. அன்றைக்கு ஒரு மணி நேரம் கொதித்து முடிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, மணத்துக்காக 60 கிராம் பெல்லட் போட்டேன். குளிர்விக்கிற தண்ணீர்க்குழாய்ச் சுருளை இறக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் ஒழுங்கு. குழாயைத் திறந்தால் முதலில் நூல்போல் ஒழுகியது, அப்புறம் சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. பெல்லட் கரைந்து களியாகிக் குழாய்வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. மணி பதினொன்று. கொதி அடங்கிய வோர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் காற்றில் இருக்கிற கிருமியெல்லாம் விருந்துக்கு வரும். புட்டுக்குழலில் தள்ளுகிற கம்பியைக் கொதிநீரில் முக்கி எடுத்து, குழாய்க்குள் விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் புட்டு. அந்தக் கம்பியை மோந்து பார்த்துவிட்டு வீட்டம்மா கேட்ட கேள்வியை இந்த மேடையில் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த தடவை முழுப்பூ போட்டேன். கொப்பரைக்குள் துளைபோட்ட ஒரு வடிதட்டு. அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் சும்மா விட்டால் பூவெல்லாம் அதன்மேல் இறங்கி மெத்தைபோல் படுத்துக்கொள்ளும். குழாயைத் திறந்ததும் முதல் இரண்டு லிட்டர் கலங்கலாக வரும். அதை ஒரு ஜக்கில் பிடித்து, மெல்ல மறுபடி பூமேல் ஊற்ற வேண்டும். அப்புறம் பாருங்கள், கண்ணாடி! கொதிக்கும்போது முட்டை வெள்ளைபோலத் திரண்ட புரதம் அத்தனையும் பூவுக்குள் சிக்கிக்கொண்டுவிட்டது. மணமும் அதுவே, வடிகட்டியும் அதுவே. இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பழைய ஆங்கிலேயப் பீர் ஆலைகளில் ஹாப்பேக் என்றே ஒரு பாத்திரம் இருக்கும். துளைத்தட்டுமேல் பூப்படுக்கை, அதன்வழியே வோர்ட் வடியும். பெல்லட்டை அதில் போட்டால் தட்டுத்துளை வழியே அதுவும் சேர்ந்து ஒழுகும். 'வலைப்பையில் கட்டிப் போடலாமே' என்று தங்கை கேட்டார். போடலாம். தூள் பையைவிட்டு வெளியே வரும், வோர்ட் பைக்குள் சரியாகப் போகாது. இரண்டும் தலைகீழ்!

இப்போது எதிரணிக்கு ஒரு பரிசு. சேமிப்பில் பெல்லட்தான் ஜெயிக்கிறது. காற்றெடுத்த அலுமினியப் பையில், கையகல இடத்தில் அடங்கிவிடும். என் பூ பாதி ஃப்ரீசரைப் பிடித்துக்கொண்டு, மீனுக்கு இடமில்லை என்று எங்கள் வீட்டில் நடக்கிற சண்டை தனிப் பட்டிமன்றம். இதை மறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தப் பைக்குள் இருப்பது என்ன என்று தெரியுமா தங்கை? ஒரு கடையில் எனக்குப் பழைய சரக்குப் பூவைக் கட்டிவிட்டார்கள். பையைப் பிரித்த நொடியே தெரிந்துவிட்டது. இதழ் பழுப்பு, மஞ்சள்பொடி ஆரஞ்சுக்குத் திரும்பிவிட்டது, மோந்தால் பழைய சீஸ் நாற்றம். அடுப்பு பற்றவைக்கும் முன்பே குப்பைக்குப் போயிற்று. பெல்லட்டிலும் நாற்றம் தெரியுமே என்பீர்கள். தெரியும், சீஸாகிவிட்ட பிறகு. காற்றில் அடிபட்டுக் காய்ந்த இதழ், விதை, தண்டு, இவை உள்ளே எவ்வளவு என்பது அரைத்த பிறகு யாருக்குத் தெரியும்? பல தோட்டத்துச் சரக்கைக் கலந்து அரைப்பதும் உண்டு. முழுமல்லி வாங்கி, முறத்தில் புடைத்து, வறுத்து அரைத்த அம்மாக்களிடம் வளர்ந்தவர்கள் நாம். நம்மிடம் வந்து தூள் பாக்கெட்டுக்கு வக்காலத்தா?

'பெரிய கம்பெனிகள் எல்லாம் பெல்லட்தான்' என்ற வாதமும் வந்தது. கலிஃபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில் 1980ல் ஆரம்பித்த சியரா நெவாடா, முழுப்பூவைப் போட்டே பெயர் வாங்கிய கம்பெனி. ஒரு எஃகு உருளை நிறையப் பூவை அடைத்து, அதன்வழியே பீரைச் சுற்றவிட ஏற்பாடு செய்து, அதற்கு டார்ப்பிடோ என்று பெயரும் வைத்தார்கள். 2009ல் அதே பெயரில் பீரும் வந்தது. அதைச் சின்னக் கம்பெனி என்று யாராவது சொன்னால் நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒரு நிமிடம் கொடுங்கள், லண்டனுக்குத் தென்கிழக்கே ஹாப்ஸ் விளைகிற கென்ட்டுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன். செப்டம்பரில் அங்கே அறுவடை. லண்டன் ஈஸ்ட் எண்டிலிருந்து ஒருகாலத்தில் குடும்பம் குடும்பமாக, பிள்ளைகுட்டியோடு பறிக்கப் போவார்கள். இயந்திரம் வந்து அந்தக் கூட்டம் நின்றுபோனது. பூ காயவைத்த சூளைவீடுகள் வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு இன்னும் நிற்கின்றன, பாதிக்குமேல் யாரோ குடியிருக்கும் வீடுகளாக. போன செப்டம்பரில் ஒரு தோட்டத்தில் பச்சைப்பூ ஒரு பை வாங்கினேன். காரில் வரும்போதே கண்ணாடியை இறக்க வேண்டியதாயிற்று, அத்தனை மணம். பச்சைப்பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் காய்ந்த பூவைப்போல ஐந்தாறு மடங்கு போட வேண்டும். அன்று ராத்திரியே காய்ச்ச வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். வெள்ளரிக்காயும் வெட்டிய புல்லும் கலந்தமாதிரி வந்த அந்த பீர் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டது. அண்ணே, செப்டம்பரில் உங்கள் அணி என்ன செய்யும்? ஆலை அரைத்து முடிக்கும்வரை காத்திருக்குமா?

நடுவர் அவர்களே, கையை நீட்டுங்கள். இந்தப் பூவை உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையாலும் நன்றாகத் தேயுங்கள். இன்னும் கொஞ்சம். இப்போது மோந்து பாருங்கள். கை கழுவ வேண்டாம். தீர்ப்புச் சொல்லும்போது மைக்கை அந்தக் கையாலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.