மலையோடையில் தண்ணீர் பிடிக்கும் முன்

[காட்சி: கருங்கல் பாறைகளுக்கிடையே இறங்கிவரும் ஓடை]

கலிபோர்னியாவின் சியேரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு முதல் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் வரை முதுகுப்பையுடன் நடப்பவர்களுக்கு ஓடைகளும் ஏரிகளுமே குடிநீர். பனி உருகி வரும் அந்த நீரில் அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெளிவாகத் தெரியும். ஆனால், ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியின் உறை (கடினத் தோலுக்குள் அடங்கிய அதன் வடிவம்) ஏறத்தாழ 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருப்பதால், அது கலந்த நீரும் அதே தெளிவோடுதான் இருக்கும். பத்து உறைகள் வயிற்றுக்குள் சென்றாலே நோய் தொற்றக்கூடும். வயிற்றுப்போக்கு பொதுவாக ஓரிரு வாரங்கள் கழித்தே தொடங்குவதால், அதற்குள் ஊர் திரும்பியிருப்பவர் ஏதோ ஓர் உணவகத்தின்மீது பழி போட்டுவிடுவார்.

[காட்சி: புல்வெளியில் மேயும் மாடுகள்]

இதற்காக எல்லா ஓடைகளையும் ஒரே கண்ணோடு பார்க்கத் தேவையில்லை. டேவிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் டெர்லெட்டின் குழுவினர் இம்மலையின் நீர்நிலைகளில் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, மலக்கலப்புக்கு அடையாளமான கோலிஃபார்ம் பாக்டீரியா, மாடு மேயும் இடங்களிலும் சுமை தூக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செல்லும் வழிகளிலும்தான் அதிகம் காணப்பட்டது. மனிதர்கள் மட்டுமே நடக்கும் பகுதிகளில் குறைவாகவே இருந்தது. எனவே புட்டியை நீரில் அமிழ்த்தும் முன், ஓடையின் மேற்புறத்தில் மேய்ச்சல் புல்வெளி உண்டா, கரையில் சாணம் கிடக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

[காட்சி: வடிகட்டியில் நீர் பிடிக்கும் கை]

இடம் நல்லதென்றாலும் சுத்திகரிப்பைக் கைவிடக் கூடாது. 0.1 மைக்ரான் துளையுள்ள நுண்குழல் வடிகட்டி ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் என்னும் மற்றொரு குடல் ஒட்டுண்ணி, பாக்டீரியா ஆகியவற்றைத் தடுத்துவிடும். வைரஸ்கள் அதைவிடச் சிறியவை என்பதால் தப்பிவிடும். ஒருமுறை நனைந்த வடிகட்டி இரவுக் குளிரில் உறைந்தால் உள்ளே இழைகள் விரிசல் விடலாம், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அதனால்தான் பழகியவர்கள் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். குளோரின் மாத்திரையை மட்டும் நம்புவது சரியல்ல, கிரிப்டோஸ்போரிடியம் அதற்கு எளிதில் சாகாது. எரிபொருள் இருந்தால் கொதிக்கவைப்பதே உறுதியானது: 2,000 மீட்டருக்கு மேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது.

மனிதக் கழிவையும் மறந்துவிட முடியாது. நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைப்பது பொது வழக்கம். மண்ணே அரிதான விட்னி சிகரப் பகுதியிலோ, அவரவர் கழிவை அவரவரே பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது விதி.