வண்டியை ராத்திரி விட்டுட்டுப் போங்க

வணக்கம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கார் உதறும். ஸ்டீயரிங் கையில் நடுங்கும். சைலன்சரில் டுப் டுப் என்று ஓர் அடி விட்டு ஓர் அடி கேட்கும். தெருமுனை தாண்டுவதற்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இது உங்களில் பலருக்குப் பழக்கமான சங்கதிதான். பட்டறையில் இதை மிஸ்ஸிங் என்பார்கள். என்ஜினில் பெட்ரோல் எரியும் அறைக்குச் சிலிண்டர் என்று பெயர். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், பட்டறைக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிடும். மெக்கானிக் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது" என்பார். டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகும் பல்வலி மாதிரி!

என் பழைய வண்டிக்கு இது வந்தபோது முதலில் பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் நாலு பிளக்கையும் மாற்றினேன். அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் பி0303 என்று காட்டியது. மிஸ்ஸிங் மூன்றாவது சிலிண்டரில் என்று பொருள். சண்டை எந்த அறையில் என்று ஸ்கேனர் சொல்லும், எதற்காகச் சண்டை என்று சொல்லாது. மறுநாள் காலையில் மறுபடி அதே உதறல்.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "வண்டியை ராத்திரி விட்டுட்டுப் போங்க. காலையில நீங்க வர்ற வரைக்கும் சாவியைத் தொட மாட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

மறுநாள் போனேன். முதலில் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர், இருக்கும் டப்பாவைப் பார்த்தார். முந்தின நாள் மாலை அவர் போட்டுவைத்த கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தது. என்ஜின் ஆறியிருந்ததால் மூடியைத் திறந்தும் பார்த்தார். சூட்டோடு யாரும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிறகு, ஸ்டார்ட் செய்யாமலே நாலு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்று பிளக்குகளின் முனை வெளிர் பழுப்பு. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் தேய்த்துக் கழுவியது போலப் பளிச்சென்று, ஈரமாக இருந்தது.

என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டில் நூலளவு கசிவு. வண்டியை நிறுத்திய பிறகும் கூலண்டில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த அழுத்தத்தில் ராத்திரி சில சொட்டு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் பிளக் நனைந்திருந்தால் பொறி எங்கே வரும்? கொஞ்ச நேரம் ஓடியதும் ஈரம் ஆவியாகிப் போகும், உலோகம் சூட்டில் விரிந்து கசிவும் அடங்கும். சைலன்சரில் காலையில் வந்த வெள்ளைப் புகையை நான் வெறும் பனி என்று நினைத்திருந்தேன்.

எல்லோருக்கும் கேஸ்கெட்தான் என்று பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்த பிளக்காகவோ விரிசல் விட்ட காயிலாகவோதான் இருக்கும். என் வண்டி மாதிரி பி0303 காட்டினால், மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதின் காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். மறுநாள் காலையில் ஸ்கேனர் பி0302 என்றால் காயில்தான் குற்றவாளி. மறுநாள் காலையில் என்பதை மறுபடி அழுத்திச் சொல்கிறேன். சூடான வண்டியில் பார்த்துப் பயனில்லை.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறிய என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். எவ்வளவு என்பதைக் கூலண்ட் வெப்ப சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். புகையைப் பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்தச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி சூடேறினால்தான் வாய் திறக்கும். அதுவரை கூலண்ட் சென்சார் பொய் சொன்னால் திருத்த ஆளில்லை. ஆகவே ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் கூலண்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 25, மற்றது 70 என்றால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

இன்னொரு காரணமான காற்றுக் கசிவைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும்: டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய், அதைச் சுட்டுப் பாழாக்கிவிடும். வணக்கம்.